‘டேக் ஆன் மீ’ எத்தனையாவது இடம்? ஒரு ஹிட் பாட்டின் சார்ட் கணக்கைச் சரிபார்க்கும் முறை

“அந்தப் பாட்டு நம்பர் ஒன் ஆச்சே” என்று யாராவது சொன்னால் நான் உடனே தலையாட்ட மாட்டேன். எந்தப் பதிவு, எந்த நாட்டு சார்ட் (வாராவாரம் வரும் ஹிட் பாட்டுகளின் வரிசைப் பட்டியல்), எந்த வாரம் என்று கேட்பேன். கேட்டவர் முகம் சுளிப்பதும் உண்டு. தணிக்கை வேலையில் தலை நரைத்தவனுக்கு இந்தப் புத்தி சாகும்வரை போகாது. வவுச்சர் இல்லாத எண்ணை நான் நோட்டில் ஏற்றுவதில்லை.

மாலை நேரத்துக்கு எனக்கு இரண்டு பொழுதுபோக்கு. ஒன்று, பழைய கீபோர்டில் எண்பதுகளின் சிந்த்பாப் (சிந்தசைசர் ஒலியில் அமைந்த பாப் இசை) வாசிப்பது. இன்னொன்று, அந்தப் பாட்டுகள் எந்த நாட்டில் எப்படி ஏறி இறங்கின என்று கட்டம் போட்ட நோட்டில் குறித்து வைப்பது. இரண்டாவது வேலையை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். பழகிக்கொள்ள நார்வே நாட்டு ‘அ-ஹா’ குழுவின் ‘டேக் ஆன் மீ’யை விடப் பொருத்தமான பாட்டு எனக்குத் தெரியவில்லை. எண்களை மேலோட்டமாகப் பார்த்தால் எங்கெல்லாம் ஏமாறலாமோ அத்தனை இடமும் இந்த ஒரே பாட்டில் இருக்கிறது.

முதலில் பதிவைப் பிரியுங்கள்

பெயர் ஒன்றாக இருப்பதால் பாட்டும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘டேக் ஆன் மீ’ என்ற பெயரில் அ-ஹா வெளியிட்ட சிங்கிள் (ஒரு பாட்டுக்கான தனி வெளியீடு) இரண்டு தனித்தனிப் பதிவுகள். முதலாவது 1984 அக்டோபரில் வந்தது. தயாரிப்பாளர் டோனி மான்ஸ்ஃபீல்ட். நார்வேயின் வி.ஜி. பட்டியலில் அது மூன்றாம் இடம் வரை போனது. பிரிட்டனில் அச்சாகும் 75 இடங்களுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு ஆலன் டார்னி என்ற தயாரிப்பாளரிடம் பாட்டைக் கொடுத்து, மறுபடி முதலிலிருந்து பதிவு செய்தார்கள். அதுவும் 1985-இன் முற்பாதியில் பிரிட்டனில் ஒரு முறை வெளியாகிப் படுத்துவிட்டது. இலையுதிர் காலத்தில் மறுபடி வெளியிட்டபோதுதான் ஓடியது. அதாவது இரண்டு பதிவு, பிரிட்டனில் மூன்று வெளியீடு. நோட்டில் இவை மூன்று தனி வரிகளாக வரவேண்டும்.

இசைத்தட்டு கையில் இருந்தால் நடு லேபிளில் தயாரிப்பாளர் பெயரைப் பாருங்கள். பின்பக்கப் பாட்டும் காட்டிக்கொடுக்கும்: 1984 தட்டில் ‘அண்ட் யூ டெல் மீ’, 1985 தட்டில் ‘லவ் இஸ் ரீசன்’. தட்டு இல்லாதவர்கள் இசைத்தட்டு விவரங்களைத் தொகுக்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் லேபிள் படங்களைப் பார்க்கலாம். ஓடும் நேரமும் உதவும். முதல் பதிவு மூன்றேகால் நிமிடத்தை ஒட்டியது, டார்னியின் பதிவு மூன்றேமுக்காலை ஒட்டியது.

ஆனால் காதை நம்புவதே எனக்குப் பிடித்த வழி. இரண்டையும் ஹெட்போனில் அடுத்தடுத்துக் கேளுங்கள். மெட்டு ஒன்றே, தாளக்கட்டும் கிட்டத்தட்ட ஒன்றே. முதல் பதிவில் எல்லாம் மெலிந்து, தள்ளி நின்று கேட்கும். டார்னியின் பதிவில் லின்டிரம் என்ற டிரம் மெஷின் முன்னால் வந்து, நெஞ்சில் தட்டுகிற மாதிரி அடிக்கிறது. அடியில் அக்கூஸ்டிக் கிட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. சிந்த்பாப் என்று பெயர் வாங்கிய பாட்டில் மரக் கிட்டார் எதற்கு என்று கேட்பவர்கள் அந்தக் கிட்டார் இல்லாமல் ஒரு முறை வாசித்துப் பார்க்கட்டும். பாட்டு கிட்டத்தட்ட 169 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை தாள அடி) வேகத்தில் போகிறது. அந்த ஓட்டத்தைத் தாங்குவதில் பாதிப் பங்கு கிட்டாருக்கு.

கீபோர்டு வாசிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பாட்டு ஏ மேஜர். ஆனால் தொடக்க ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு மெட்டு) பி மைனரில் காலை வைத்து, சுற்றிக்கொண்டுதான் ஏ-வுக்கு வருகிறது. வீடு திரும்பாமல் தெருவிலேயே சுற்றுகிற அந்த உணர்வுதான் ரிஃப்பின் ருசி. இதை அ-ஹாவின் கீபோர்டு கலைஞர் மாக்னே ஃபூருஹோல்மென் பதின்வயதிலேயே வாசித்துக்கொண்டிருந்தார். அவரும் பால் வாக்டாரும் ‘பிரிட்ஜஸ்’ என்ற குழுவில் இருந்த நாட்களில் இதை வைத்து ஒரு பாட்டு செய்தார்கள். அப்போது அதற்கு வேறு பெயர். பாடகர் மார்ட்டன் ஹார்கெட் சேர்ந்து 1982-இல் அ-ஹா உருவான பிறகு பெயரும் வரிகளும் மாறின. பல்லவியில் ஹார்கெட்டின் குரல் ஏ2-வில் தரையைத் தொட்டு, படிப்படியாக ஏறி, கள்ளக்குரலில் ஈ5-ஐப் பிடிக்கிறது. இரண்டரை ஸ்தாயி. நான் பாடிக் காட்ட மாட்டேன், வீட்டில் தடை இருக்கிறது.

பட்டியல் எதை எண்ணியது?

பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுகிற இடம் இதுதான். நான் அதிக நேரம் உட்காருவதும் இங்கேதான். ‘சார்ட்’ என்று ஒரே பெயர் சொல்கிறோம். ஆனால் ஒவ்வொரு நாட்டிலும் எண்ணப்பட்ட சரக்கு வேறு.

1985-இல் பிரிட்டனின் பட்டியல் விற்பனையை மட்டும் எண்ணியது. கணக்கெடுத்த நிறுவனம் காலப். 1983-இல் அந்தப் பொறுப்புக்கு வந்தது. நாட்டின் எல்லாக் கடைகளையும் அல்ல, தேர்ந்தெடுத்த சில கடைகளை வைத்து, மின்னணுக் கருவிகளில் விற்பனையைப் பதிவு செய்து மொத்தம் கணித்தது. ஏழு அங்குலத் தட்டும் பன்னிரண்டு அங்குலத் தட்டும் ஒரே தலைப்பின் கீழ் சேரும். வானொலியில் நாள் முழுக்க ஒலித்தாலும் அதற்கு நேரடி மதிப்பெண் கிடையாது.

அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 அப்படியல்ல. அதில் விற்பனையும் வானொலி ஒலிபரப்பும் கலந்திருக்கும். அந்தக் காலத்தில் கடைகள் ‘இத்தனை தட்டு விற்றது’ என்று சொல்லவில்லை. எது அதிகம் விற்றது, அடுத்து எது என்று வரிசைதான் சொல்லின. வானொலி நிலையங்களும் தங்கள் பட்டியலை அறிக்கையாகக் கொடுத்தன. பார்கோடு விற்பனைத் தரவும், இயந்திரம் கேட்டுப் பதிவு செய்த ஒலிபரப்புத் தரவும் ஹாட் 100-இல் நுழைந்தது 1991 நவம்பர் கடைசியில். தணிக்கைக்காரன் கண்ணில் 1985-இன் ஹாட் 100, கையொப்பமிட்ட வாய்மொழி அறிக்கைகளின் தொகுப்பு. அதனால் பொய் என்று ஆகிவிடாது. ஆனால் அதை வைத்து ‘இத்தனை லட்சம் விற்றது’ என்று யாராவது கணக்குச் சொன்னால் ஒதுக்கிவிடுங்கள்.

நார்வேயின் வி.ஜி. பட்டியலில் அன்று இருந்ததே பத்து இடங்கள். பத்துக்குள் மூன்றும் நூற்றுக்குள் மூன்றும் எடையில் ஒன்றல்ல. இன்னொன்று: அந்த ஆண்டின் ‘ஜெர்மனி’ என்றால் மேற்கு ஜெர்மனி. கிழக்கு ஜெர்மனி தனி நாடு, தனிச் சந்தை. நெதர்லாந்தில் ஒரே வாரத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பட்டியல்கள் உண்டு. எதிலிருந்து எடுத்தீர்கள் என்று எழுதாமல் விட்டால் பிறகு நீங்களே குழம்புவீர்கள்.

இந்த வேறுபாடு தெரிந்த பிறகு நம் பாட்டைப் பாருங்கள். அமெரிக்காவில் 1985 ஜூலையில் ஹாட் 100-க்குள் நுழைந்தது. ஆகஸ்ட் போனது, செப்டம்பர் போனது, அக்டோபர் 19 தேதியிட்ட இதழில்தான் முதலிடம். நிதானமான ஏற்றம். வானொலி நிலையங்கள் ஒவ்வொன்றாகச் சேரும்போது கோடு இப்படித்தான் மேலே போகும். பிரிட்டனில் செப்டம்பர் கடைசியில் நுழைந்த பாட்டு அக்டோபருக்குள்ளேயே இரண்டாம் இடத்தில். விற்பனையை மட்டும் எண்ணும் பட்டியலில் ஜனங்கள் ஒரே நேரத்தில் கடைக்குப் போனால் கோடு செங்குத்தாக எழும்.

ஏன் திடீரென்று போனார்கள்? வீடியோ. 1984 பதிவுக்கு எடுத்தது நீலப் பின்னணியில் குழு நின்று பாடும் சாதாரண வீடியோ. டார்னி பதிவுக்கு வார்னர் நிறுவனம் பணம் இறக்கி, ஸ்டீவ் பாரனை இயக்குநராகப் போட்டது. மைக்கேல் பேட்டர்சனும் கேண்டஸ் ரெக்கிங்கரும் படமெடுத்த காட்சிகளின் மேல் பென்சிலால் சட்டம் சட்டமாக (ஃபிரேம் ஃபிரேமாக) வரைந்தார்கள். ஏறக்குறைய 3,000 சட்டங்கள், 16 வாரம். இசை வீடியோ சானலான எம்டிவி அதை ஓட்டோ ஓட்டென்று ஓட்டியது. 1986 எம்டிவி வீடியோ விருதுகளில் ஆறு இந்த ஒரு பாட்டுக்கு. அதே பதிவு சில மாதம் முன்னால் பிரிட்டனில் படுத்தது என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டால், வீடியோவின் பங்கு எவ்வளவு என்று வேறு ஆதாரம் தேட வேண்டியதில்லை. ஒலி அதேதான். மாறியது படம்.

தேதியை ஒப்பிடும்போது

பில்போர்டு இதழின் தேதி, கணக்கெடுத்த வாரத்துக்குப் பிந்தையது. பிரிட்டனில் அன்று புதிய பட்டியல் செவ்வாய்க்கிழமை பிபிசி ரேடியோ 1-இல் அறிவிக்கப்பட்டு, வரும் சனிக்கிழமையின் தேதியைத் தாங்கும். ஞாயிறு அறிவிப்பு வந்தது 1987 அக்டோபரில். ஆகவே இரண்டு நாட்டிலும் ‘அக்டோபர் 19’ என்று ஒரே தேதி தெரிந்தாலும் ஒரே நாட்களின் கணக்கு அல்ல. நோட்டில் ‘பட்டியல் தேதி’ என்றே தலைப்பிடுங்கள், ‘முதலிடம் பெற்ற நாள்’ என்று எழுதாதீர்கள்.

மேலே யார் இருந்தார் என்று பாருங்கள்

இரண்டாம் இடம் என்பதை அப்படியே எழுதிவிட்டுப் போகாதீர்கள். அந்த வாரங்களில் முதலிடத்தில் இருந்தவர் யார் என்ற ஒரு பத்தி (நோட்டில் மேலிருந்து கீழே ஓடும் கட்டம்) சேர்த்துக்கொள்ளுங்கள். என் நோட்டில் அதிகம் பயன்படுவது அந்தப் பத்திதான்.

‘டேக் ஆன் மீ’ பிரிட்டனில் மூன்று வாரம் இரண்டாம் இடத்தில் நின்றது. மேலே ஜெனிஃபர் ரஷ்ஷின் ‘தி பவர் ஆஃப் லவ்’. ஐந்து வாரம் முதலிடம், அந்த ஆண்டு பிரிட்டனில் மிக அதிகம் விற்ற சிங்கிள், பத்து லட்சத்தைத் தாண்டிய விற்பனை. அப்படிப்பட்ட பாட்டின் பின்னால் இரண்டாவதாக நின்றது தோல்வி என்று யார் சொல்வார்? மறுபக்கம் அமெரிக்காவில் ‘டேக் ஆன் மீ’ முதலிடத்தில் இருந்தது ஒரே வாரம். முந்தைய வாரம் ரெடி ஃபார் தி வேர்ல்டின் ‘ஓ ஷீலா’, அடுத்த வாரம் விட்னி ஹூஸ்டனின் ‘சேவிங் ஆல் மை லவ் ஃபார் யூ’. வாரத்துக்கு ஒருவர் மாறிக்கொண்டிருந்த காலத்தில் கிடைத்த இடம். பிரிட்டனின் இரண்டைவிட அமெரிக்காவின் ஒன்று பெரியது என்று நான் வாதாட மாட்டேன். இதில் வேடிக்கை, பிரிட்டனை ஆண்ட அதே ஜெனிஃபர் ரஷ் பாட்டு அமெரிக்காவில் 57-ஐத் தாண்டவில்லை.

இதே பத்தியை வைத்துத்தான் அல்ட்ராவாக்ஸ் குழுவின் ‘வியன்னா’வையும் புரிந்துகொள்ள வேண்டும். 1981-இல் பிரிட்டனில் நான்கு வாரம் இரண்டாம் இடம். முதல் வாரம் மேலே பீட்டில்ஸ் புகழ் ஜான் லெனனின் பாட்டு. அவர் சுடப்பட்டு இறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. மீதி மூன்று வாரம் ஜோ டோல்சேயின் ‘ஷடாப் யூ ஃபேஸ்’ என்ற கேலிப் பாட்டு. பிரிட்டனில் இன்றைக்கும் இதைச் சொல்லிப் பெருமூச்சு விடுகிறார்கள். எனக்கு அவ்வளவு துக்கமில்லை. கேலிப் பாட்டுக்குக் கொடுத்த காசும் காசுதான்.

எத்தனை வாரம் தங்கியது

உச்ச இடம் ஒரு புள்ளி. பாட்டின் வாழ்க்கை அந்தப் புள்ளியைச் சுற்றியுள்ள கோடு. கட்டத்தாளில் மேலே 1, கீழே 100 வைத்து வாரவாரியாகப் புள்ளியிட்டு இணையுங்கள். கோடு நிற்கும் இடங்களில் விரலை வையுங்கள்.

சாஃப்ட் செல் குழுவின் ‘டெய்ன்டட் லவ்’ பிரிட்டனில் 1981 செப்டம்பரில் முதலிடம். அமெரிக்காவில் உச்சம் எட்டுதான். ஆனால் ஹாட் 100-இல் 43 வாரம் குடியிருந்தது, அன்றைக்கு அது சாதனை. உச்சத்தை மட்டும் குறித்தால் அமெரிக்காவில் சுமாராகப் போன பாட்டு என்று எழுதிவிடுவோம்.

ஜெர்மன் குழு க்ராஃப்ட்வெர்க்கின் ‘தி மாடல்’ கோடு இன்னும் விநோதம். ஜெர்மன் மூலம் 1978 ஆல்பத்தில் வந்தது. 1981-இல் பிரிட்டனில் ‘கம்ப்யூட்டர் லவ்’ தட்டின் பின்பக்கமாக வந்தபோது உச்சம் 36. பின்பக்கத்தையே டிஸ்க் ஜாக்கிகள் போட்டுக்கொண்டிருந்ததால் கம்பெனி மறுபடி வெளியிட்டது. 1982 பிப்ரவரியில் முதலிடம். மூன்று வயதுப் பாட்டு. ஆண்டை வைத்து மட்டும் தேடுகிறவர்களுக்கு இது சிக்காது.

‘ஒரே ஹிட் குழு’ என்று எழுதும் முன்

அடுத்த சிங்கிளைப் பாருங்கள், இரண்டு நாட்டிலும். அ-ஹாவின் அடுத்த பாட்டு ‘தி சன் ஆல்வேஸ் ஷைன்ஸ் ஆன் டி.வி.’ அமெரிக்காவில் 20-ஆம் இடம். பிரிட்டனில் 1986 ஜனவரியில் முதலிடம், இரண்டு வாரம். 1987-இல் ஜேம்ஸ் பாண்ட் படத்துக்கு இவர்கள் செய்த ‘தி லிவிங் டேலைட்ஸ்’ பிரிட்டனில் ஐந்தாம் இடம். ‘ஒரே பாட்டில் மறைந்த குழு’ என்று எழுதுபவர் அமெரிக்கப் பட்டியலை மட்டும் வைத்து உலகத்தை அளக்கிறார். இப்படி எழுதியதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிவப்புப் பேனா எடுக்கக் கை துறுதுறுக்கும்.

மேற்கு ஜெர்மனியிலும் ஆஸ்திரேலியாவிலும் ‘டேக் ஆன் மீ’ முதலிடம் பெற்றது என்பதையும் அதே பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.

தங்கத் தட்டு, பிளாட்டினத் தட்டு

விற்பனை ஓர் அளவைத் தாண்டினால் தரும் சான்றிதழ்கள் இவை. இதில் ஒரே ஒரு எச்சரிக்கை. 1989-இல் அளவுகோல் மாறியது. அமெரிக்காவில் சிங்கிளுக்கான தங்கம் பத்து லட்சத்திலிருந்து ஐந்து லட்சமானது. பிரிட்டனில் பிளாட்டினம் பத்து லட்சத்திலிருந்து ஆறு லட்சத்துக்கு இறங்கியது. சான்றிதழ் கொடுத்த ஆண்டை எழுதாமல் ‘தங்கம்’ என்று மட்டும் எழுதினால் அதற்கு எடை கிடையாது. ஸ்ட்ரீமிங் சேர்ந்த பிறகு கொடுத்த சான்றிதழ்கள் வேறு இனம்; தனி நிற மையில் எழுதுகிறேன்.

பிற்கால வாழ்க்கை

நோட்டில் பாதிப் பக்கம் காலியாக விடுங்கள், பாட்டுகள் திரும்பி வரும். 2000 செப்டம்பரில் ‘ஏ1’ என்ற குழு ‘டேக் ஆன் மீ’யை மறுபடி பாடி பிரிட்டனில் முதலிடம் போனது. அ-ஹாவுக்கே கிடைக்காத இடம்! அந்த வரியை அ-ஹா கணக்கில் ஏற்றக் கூடாது. பாடகர் பத்தி என்று ஒன்று இருப்பது இதற்குத்தான். அ-ஹாவின் மூல வீடியோ யூடியூபில் 2020 பிப்ரவரியில் நூறு கோடி பார்வையைத் தொட்டது. பெரிய எண்தான், ஆனால் அதில் 1985-இல் தட்டு வாங்கியவர்களின் கணக்கு இல்லை, அன்றைய பட்டியலோடு அதைக் கூட்ட வழியும் இல்லை.

பட்டியலோடு பட்டியலை ஒப்பிடக்கூடிய உதாரணம் ஒன்று உண்டு, பாடகி கேட் புஷ்ஷைப் பாருங்கள். ‘ரன்னிங் அப் தட் ஹில்’ வந்ததும் அதே 1985. அன்று பிரிட்டனில் மூன்று, அமெரிக்காவில் 30. 2022-இல் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் ஒலித்ததும் பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் மூன்று. பதிவு அதே பதிவு, பட்டியலின் பெயரும் அதே பெயர். எண்ணும் சரக்கு மாறிவிட்டது. பிரிட்டன் பட்டியலில் ஸ்ட்ரீமிங் சேர்ந்தது 2014-இல். பழைய பாட்டுகளின் ஸ்ட்ரீமுக்குக் குறைந்த மதிப்பு தரும் விதி ஒன்றும் 2017-இல் வந்தது; கேட் புஷ்ஷின் பாட்டுக்கு அந்த விதியிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். விலக்கு கொடுத்ததை அடிக்குறிப்பில் எழுதாமல் முதலிடத்தை மட்டும் எழுதினால் என் மேலதிகாரி அந்தக் காலத்தில் கோப்பைத் திருப்பி அனுப்பியிருப்பார்.

இனி நீங்களே ஒன்று செய்து பாருங்கள். நியூ ஆர்டர் குழுவின் ‘ப்ளூ மண்டே’யை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் அதற்கு மூன்று உச்சங்கள் கிடைக்கும்: 1983-இல் 12, அதே ஆண்டு திரும்பி வந்து 9, 1988-இல் 3. இதில் எது மூலப் பதிவு, எது ரீமிக்ஸ் என்று பிரியுங்கள். பிரிட்டன் பட்டியலுக்கு ஆபிஷியல் சார்ட்ஸ் நிறுவனத்தின் ஆவணம் போதும். அமெரிக்காவுக்குப் பில்போர்டின் பழைய இதழ்களின் ஸ்கேன் பக்கங்களைப் பாருங்கள், யாரோ தொகுத்த அட்டவணையை அல்ல. பிறகு தங்கத் தட்டைத் தேடுங்கள். அந்த நாட்களில் அது கிடைத்திருக்காது. பன்னிரண்டு அங்குலத் தட்டுகளில் மிக அதிகம் விற்றது என்று பெயர் எடுத்த பாட்டு. ஆனால் அதை வெளியிட்ட ஃபேக்டரி நிறுவனம், சான்றிதழ் தரும் பிரிட்டிஷ் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் சங்கத்தில் உறுப்பினரே இல்லை.